ஒரே திரெட்லாக்கர் பாட்டில், இரண்டு பழுதுகள்: மேக்னெட் கவருக்குள் கழன்ற ஸ்க்ரூ

வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகி ஒழுங்காக ஓடியது. இருபது நிமிடம் போய் இன்ஜின் சூடானதும் திணற ஆரம்பித்தது. 4,000 சுற்றைத் தாண்டினால் நடுநடுவே ஒரு துடிப்பு விட்டுப்போகும். பெட்ரோல் வரும் வழியில் அடைப்பு என்று நினைத்து கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். ஸ்பார்க் பிளக்கையும் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. நான்காம் நாள் இன்ஜினின் இடப்பக்கத்திலிருந்து மெல்லிய 'டிக் டிக்' கேட்டது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் சத்தமும் கூடவே வேகமெடுத்தது. அதே நிமிடம் இன்ஜினை அணைத்துவிட்டேன்.

மூன்று மாதம் முன்னால் அந்த இடப்பக்கத்தைத் திறந்தவனும் மூடியவனும் நான்தான். அன்று ஒரே பாட்டில் திரெட்லாக்கரை, அதாவது ஸ்க்ரூ தானாகக் கழலாமல் மரையைப் பூட்டும் திரவத்தை, கொண்டு உள்ளே ஒரு வேலையும் வெளியே ஒரு வேலையும் செய்தேன். உள்ளே நிற்க வேண்டிய ஸ்க்ரூ கழன்றது. வெளியே கழல வேண்டிய போல்ட் கழலவில்லை, முறிந்தது. ஒரே திரவம் ஒரே நாளில் ஏன் இப்படி எதிரெதிராக நடந்துகொண்டது என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வாரம் ஆனது. வீட்டில் இன்ஜினைத் திறக்கும் யாருக்கும் இது நடக்கலாம். அதனால் பார்த்ததை எல்லாம் முழுமையாக எழுதிவைக்கிறேன்.

அன்று செய்த வேலை

ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின். மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டும் (சுற்றும் காந்த வட்டு) காயிலும் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே இருக்கும் வகை. பேட்டரி சார்ஜ் ஏறாததால் காயில் செட்டை மாற்ற வேண்டியிருந்தது. கவரின் உட்பக்கத்தில் பெரிய காயிலை மூன்று 6 மில்லி ஆலன் போல்ட் பிடிக்கும். ஸ்பார்க் நேரத்தைச் சொல்லும் பிக்கப் காயிலை இரண்டு 5 மில்லி ஸ்க்ரூ பிடிக்கும். வயரை அழுத்தும் சிறு தகட்டுக்கு இன்னொரு ஸ்க்ரூ. ஆறுமே கவரின் அலுமினியத்தில், அடி மூடிய துளைகளில் இறங்குபவை.

பழைய ஸ்க்ரூக்களின் மரையில் வெள்ளையாகக் காய்ந்த பொடி ஒட்டியிருந்தது. தொழிற்சாலையில் போட்ட திரெட்லாக்கரின் மிச்சம் அது. ஆகவே நானும் போட வேண்டும் என்பது வரை சரியாகவே புரிந்துகொண்டேன். வாங்கியது சிவப்பு நிறம், அதிக வலிமை என்று எழுதியிருந்தது. இன்ஜினுக்குள் போகிற ஸ்க்ரூ, எவ்வளவு வலுவோ அவ்வளவு நல்லது என்று எண்ணினேன். கவரைத் துணியால் துடைத்தேன். ஒவ்வொரு ஸ்க்ரூவின் நுனியிலும் ஒரு சொட்டு விட்டு முறுக்கினேன். ஆலன் போல்ட்டுகளை நீளமான எல்-கீயால் நன்றாக இறுக்கினேன். பிக்கப் காயில் ஸ்க்ரூக்கள் நாலு சுற்றிலேயே கனத்தன. உட்கார்ந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு கடைசியாக ஒரு சின்ன முறுக்கு மட்டும் கொடுத்தேன். மருந்துதான் போட்டாயிற்றே, இனி அது பிடித்துக்கொள்ளும் என்ற நினைப்பு.

அப்புறம் கவரை மூடும் வேலை. முன்பக்கக் கீழ் மூலையில் ரொம்ப நாளாக ஆயில் கசிந்து தூசி படிந்திருந்தது. சுற்றியுள்ள எட்டு போல்ட்டில் ஏதோ ஒன்று லூஸ் ஆவதால்தான் கசிகிறது என்று முடிவுகட்டி, அந்த எட்டுக்கும் அதே சிவப்பைப் போட்டேன். கசிவு என்பதால் இந்த மரைகளை மட்டும் பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தமாகக் காயவைத்திருந்தேன். இந்த ஒரு விவரம் பின்னால் முக்கியமாகப் போகிறது. அரை மணி நேரத்தில் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். பேட்டரி முனையில் 14.2 வோல்ட். வேலை முடிந்தது என்று கருவிகளை எடுத்துவைத்தேன்.

திறந்தபோது

ஆயிலை வடித்ததும் டிரே அடியில் விரலால் தேய்த்தால் மின்னும் நுண்ணிய அலுமினியத் தூள். பெரிய துண்டு எதுவும் இல்லை.

கவர் போல்ட்டுகளில் ஐந்து, பெரும் பலத்துக்குப் பிறகு படீரென்று சத்தமிட்டு அசைந்தன. ஆறாவது சத்தமே இல்லாமல் மெத்தென்று சுற்றியது. ஸ்பேனரைப் பிடித்த கை அப்படி ஓர் உணர்வைத் தந்தால் நல்ல செய்தி இல்லை என்று பழகியவர்களுக்குத் தெரியும். வெளியே எடுத்துப் பார்த்தேன். போல்ட்டின் மரையைச் சுற்றி வெள்ளிக் கம்பி சுற்றியதுபோல அலுமினியம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. நகத்தால் நெம்பினேன், ஸ்பிரிங் மாதிரி ஒரே துண்டாகப் பிரிந்தது. கிராங்க்கேஸில், அதாவது கவர் உட்காரும் இன்ஜின் உடலில், இருந்திருக்க வேண்டிய மரை அது. முன்பக்கக் கீழ் மூலையில் இருந்த ஏழாவது போல்ட் தலைக்குக் கீழே முறிந்தது. அதோடு நிறுத்திவிட்டேன். எட்டாவதுக்கு வேறு வழி தேவைப்பட்டது.

சால்டரிங் அயர்னில் பெரியதாக ஒன்று இருந்தது. அதன் முனையை போல்ட் தலையில் அழுத்திப் பிடித்துக் காத்திருந்தேன். அதிக வலிமை வகைகளுக்கு, அந்த இடத்தை ஏறத்தாழ 250 டிகிரிக்குச் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் கழற்றச் சொல்வார்கள். பிசின் அந்தச் சூட்டில் இளகும், ஆறினால் மறுபடி கெட்டியாகும். சில நிமிடம் கழித்து ஸ்பேனர் போட்டதும் வெண்ணெயில் சுற்றியதுபோல வந்தது. முதல் ஏழுக்கும் இதைச் செய்திருந்தால் ஒரு மரையும் ஒரு போல்ட்டும் தப்பியிருக்கும். ஹீட் கன் வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் அது சுற்றியுள்ள ஆயில் சீலையும் வயரையும் சேர்த்துச் சுடும். இன்னொன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஈரம் இருக்கும் இடத்தில் சூடு காட்டவே கூடாது. அதன் ஆவி சூட்டில் கடும் விஷ வாயுவாக மாறும். குளோரின் இல்லாத வகை என்றால் தீப்பிடிக்கும். எந்த வகையானாலும் முழுக்கக் காய்ந்த பிறகுதான் சூடு.

கவர் கழன்றதும் முதலில் தெரிந்தது பிக்கப் காயில் கோணலாகத் தொங்கிய காட்சி. ஒரு ஸ்க்ரூ இரண்டு மரையில் ஆடிக்கொண்டிருந்தது. மற்றது காந்த வட்டின் விளிம்பில் ஒட்டியிருந்தது. விளிம்போடு சேர்ந்து அதுவும் சுற்றியிருக்கிறது. கவரின் உட்சுவரில் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல வட்டமாக ஒரு கீறல், வயரின் மேலுறையில் ஒரு வெட்டு. செம்பு வெளியே தெரியவில்லை. பிக்கப் காயிலின் முகத்தில், காந்த வட்டின் மேட்டுப் பகுதி உரசிய இடம் கண்ணாடியாய் மினுங்கியது. அந்த 'டிக் டிக்' இதுதான். காயில் ஆட ஆட அதற்கும் வட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய மயிரிழை இடைவெளி மாறியது. சிக்னல் கெட்டு ஸ்பார்க் தவறியதும் அதனால்தான்.

தடயங்கள் சொன்னது

கழன்ற ஸ்க்ரூவின் மரையில் சிவப்பு இருந்தது. ஆனால் காயவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகும் ஆயிலோடு கலந்த வழவழப்பான சிவப்புப் படலம், துணியால் துடைத்ததும் போய்விட்டது. துளைக்குள் குச்சியை விட்டுச் சுரண்டினால் அடியில் பழைய வெள்ளைப் பொடி கட்டியாக இருந்தது. இதோடு விசாரணையை முடித்து 'ஆயில் பட்டதால் ஒட்டவில்லை, கழன்றது' என்று எழுதிவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுதிவைத்தேன்.

அந்த முடிவைக் கலைத்தவை மூன்று ஆலன் போல்ட்டுகள். பெரிய காயிலைப் பிடித்த அவையும் அதே எண்ணெய்ப் பிசுக்கான மரையில், அதே பாட்டிலிலிருந்து, அதே நேரத்தில் போனவை. கழற்றியபோது அவற்றிலும் சிவப்பு காயாமல்தான் இருந்தது. ஒட்டியது எதுவும் இல்லை. ஆனாலும் மூன்றில் ஒன்றுகூட இம்மியும் அசைந்திருக்கவில்லை.

ஸ்க்ரூக்களின் தலையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தேன். ஆலன் போல்ட் தலைகளின் அடியில் முழு வட்டமாக, பளபளப்பான அழுத்தத் தடம். பிக்கப் ஸ்க்ரூக்களின் அடியில் தடமே இல்லை. ஒன்றில் மட்டும் ஓரத்தில் பிறை அளவுக்கு ஒரு தேய்மானம். அந்தத் தலைகள் காயிலை ஒருபோதும் முழுதாக அழுத்தவில்லை. நாலு சுற்றில் நான் உணர்ந்த கனம், தலை உட்கார்ந்ததால் வந்தது அல்ல. துளையில் இருந்த பழைய பொடியோடு மரை உரசியதால் வந்தது. எந்தப் போல்ட்டை மருந்து காப்பாற்றும் என்று நான் நம்பி விட்டேனோ அதில் இறுக்கமே இருந்திருக்கவில்லை.

போல்ட்டை இறுக்குவது என்றால் அதை இழுப்பது. தலையும் மரையும் இரண்டு பக்கம் நின்று நடுவிலுள்ள தண்டை மிகச் சிறிய அளவு நீட்டுகின்றன. நீண்ட தண்டு ரப்பர் பேண்ட் மாதிரி பாகங்களை ஒன்றோடொன்று அழுத்துகிறது. அந்த அழுத்தம் இருக்கும் வரை பாகங்கள் பக்கவாட்டில் நழுவாது. அதிர்வில் போல்ட் தானாகக் கழல்வதற்கு இந்தப் பக்கவாட்டு நழுவல்தான் பெரிய காரணம் என்று கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-ல் காட்டினார். இன்றும் போல்ட் பூட்டும் முறைகளைச் சோதிக்கும் இயந்திரம் அவர் பெயரால் அறியப்படுகிறது. பாகம் முன்னும் பின்னும் நழுவும் ஒவ்வொரு முறையும் மரையிலும் தலையிலும் உராய்வு கணநேரம் விட்டுப்போகிறது. மரை என்பது சுருட்டி வைத்த சரிவுதானே, அந்தக் கணத்தில் போல்ட் ஒரு துளி கீழ்நோக்கிச் சறுக்குகிறது. ஸ்பிரிங் வாஷர் இதைத் தடுக்கும் என்று நம்பி இன்னும் போடுகிறார்கள். முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகி வெறும் வாஷர் ஆகிவிடுகிறது, பூட்டுவதற்குப் பயன் இல்லை என்று 1990-ல் நாசா வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடே சொல்கிறது.

திரெட்லாக்கரின் உண்மையான வேலை இந்த இடத்தில் வருகிறது. மரைகளுக்கு இடையே எப்போதும் இருக்கும் இடைவெளியை நிரப்பி, நழுவலையும் சறுக்கலையும் தடுப்பது. ஏற்கெனவே இருக்கும் இறுக்கத்தை அது காவல் காக்கும். இல்லாத இறுக்கத்தை உண்டாக்காது.

காற்று இல்லாமல் காயும் பிசின்

சாதாரணப் பசை ஈரம் ஆவியாகிக் காய்கிறது. இது அப்படி இல்லை. மெத்தாக்ரிலேட் வகைத் திரவம் இது. ஆக்சிஜன் இருக்கும் வரை திரவமாகவே கிடக்கும். காற்று நுழையாத இடுக்கில், இரும்போ செம்போ போன்ற உலோகத்தைத் தொட்டதும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியான பிளாஸ்டிக் ஆகும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் முதலில் உருவான இத்தகைய திரவத்தைக் கெட்டியாகாமல் வைத்திருக்க, அதனுள் இடைவிடாமல் காற்றை ஊதிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953-ல் அதைப் பாட்டிலில் அடைத்து வைக்கக்கூடியதாக மாற்றினார். பின்னர் லாக்டைட் என்று பெயர் பெற்றது அதுதான். புதுப் பாட்டிலிலும் பாதி காலியாக இருப்பதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. மேலே இருக்கும் அந்தக் காற்றும், காற்றை உள்ளே விடும் மெல்லிய பிளாஸ்டிக்கும்தான் திரவத்தைத் திரவமாகக் காப்பாற்றுகின்றன. மூக்கில் போல்ட்டின் மரை பட்டு இரும்புத் துகள் உள்ளே போனால் பாட்டில் முழுக்க வீணாகலாம்.

இதைத் தெரிந்துகொண்டதும் என் இரண்டு வேலைகளின் வேறுபாடும் விளங்கிவிட்டது. கவர் போல்ட் மரைகள் சுத்தம், உலர்ந்தவை, ஆயில் தொடாதவை. இரும்பு போல்ட் நேரடியாகப் பட்டது. இன்ஜின் சூடு காய்வதை இன்னும் வேகப்படுத்தியது. மூன்று மாதத்தில் அது தன் முழு பலத்தையும் எட்டியது. உள்ளே நேர்மாறு. மரை முழுக்க ஆயில் படலம் இருந்ததால் திரவம் உலோகத்தைத் தொடவே இல்லை. அலுமினியமும் முலாம் பூசிய ஸ்க்ரூவும் இந்தப் பிசினுக்கு மந்தமான உலோகங்கள், இரும்பில் நிமிடக் கணக்கில் பிடிப்பது இவற்றில் நேரம் எடுக்கும். முழு பலத்துக்கு பொதுவாக 24 மணி நேரம் கேட்பார்கள். நான் அரை மணி நேரத்தில் சூடான ஆயிலைச் சுற்றவிட்டேன். அடி மூடிய துளை என்பதும் சேர்ந்துகொண்டது. நுனியில் சொட்டு விட்ட ஸ்க்ரூவை அப்படிப்பட்ட துளையில் செலுத்தினால், உள்ளே அகப்பட்ட காற்று மரை வழியே மேலே வரும்போது திரவத்தையும் வெளியே தள்ளிவிடும். துளைக்குள்ளும் ஒரு சொட்டு விட வேண்டும். அதற்காகத் துளையை நிரப்பிவிடவும் கூடாது. திரவம் அமுங்காது, போக வழியில்லாமல் அடியில் மாட்டினால் ஸ்க்ரூ உட்காராமலே கனக்கும், அலுமினியம் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு.

கவர் போல்ட்டுக்கு அது தேவையே இல்லை

சர்வீஸ் மேனுவலை அப்போதுதான் பொறுமையாகப் புரட்டினேன். உதிரிப் படத்தில் சில போல்ட்டுகளுக்குப் பக்கத்தில் மட்டும் பூட்டும் திரவத்துக்கான குறி இருந்தது. பிக்கப் ஸ்க்ரூ, காயில் போல்ட், வயர் தகடு மூன்றுக்கும் உண்டு. சுற்றியுள்ள எட்டு கவர் போல்ட்டில் ஒன்றுக்கும் இல்லை. அந்தக் குறியை வரைந்தவர்கள் யோசித்து வரைந்திருக்கிறார்கள். உள்ளே கழன்றால் இன்ஜினைக் கெடுக்கும், யாரும் அடிக்கடி திறந்து பார்க்க முடியாத இடங்களுக்கு மட்டும் குறி. ஆயில் டிரெயின் போல்ட், ஸ்பார்க் பிளக், சிலிண்டர் ஹெட் நட் போன்றவற்றுக்கு இது எதுவும் கிடையாது. அவை இறுக்கத்தாலேயே நிற்பவை.

கசிவும் போல்ட் கழன்றதால் வந்தது அல்ல. கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங் என்பது அழுத்த அழுத்தக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகிக்கொண்டே போகும். போல்ட் ஒரு டிகிரிகூடச் சுற்றாமலே அதன் இழுப்பு குறைந்துவிடும். சுற்றாத போல்ட்டைச் சுற்றவிடாமல் தடுத்து என்ன ஆகப்போகிறது? பழைய பேக்கிங்கைக் கழற்றிப் பார்த்தபோது கீழ் மூலையில் முன்னாளைய பேக்கிங்கின் சிறு தகடு சுரண்டப்படாமல் இருந்தது. அங்கே முகம் சமமாக உட்காரவில்லை. கசிவின் காரணம் அவ்வளவுதான்.

முறிந்த போல்ட்டில் இன்னொரு விஷயமும் கலந்திருக்கிறது. இறுக்கும் திருப்புவிசையில் பெரும்பகுதி, பத்தில் ஒன்பது பங்கு என்றே சொல்வார்கள், தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். மிச்சம் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. உராய்வைச் சற்றுக் குறைத்தால் இழுப்பு எகிறும். கணக்கு எளிது: இழுப்பு என்பது திருப்புவிசையை, உராய்வைப் பொறுத்து மாறும் ஓர் எண்ணாலும் போல்ட்டின் விட்டத்தாலும் வகுத்தால் வருவது. 6 மில்லி போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த மரைக்கு அந்த எண் 0.20 என்றால் இழுப்பு சுமார் 8,300 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 850 கிலோ எடை. எண்ணெய் போட்ட மரைக்கு 0.15 என்றால் சுமார் 11,100 நியூட்டன். 8.8 தரமுள்ள 6 மில்லி போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கும் அளவு சுமார் 11,600 நியூட்டன்தான். காயாத திரெட்லாக்கரும் வழுக்கும் திரவமே. எவ்வளவு வழுக்கும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், அதன் தொழில்நுட்பத் தாளில் எண் இருக்கும். நான் அளவு பார்க்காமல் 'கசியக்கூடாது' என்று கூடுதலாக ஒரு முறுக்கு கொடுத்தவன். எல்லைக்குப் பக்கத்திலேயே நீண்டு நின்ற தண்டை, அதிக வலிமைப் பிசினை எதிர்த்துத் திருப்பினால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்கும். ஒரு இடத்தில் அலுமினிய மரை விட்டுக்கொடுத்தது, இன்னொரு இடத்தில் போல்ட்டே.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊதா குறைந்த வலிமை, நீலம் நடுத்தரம், சிவப்பு அதிகம், பச்சை ஏற்கெனவே முறுக்கிய மரைக்குள் ஊறி இறங்கும் வகை என்பது பரவலான வழக்கம். வழக்கம்தான், எல்லாத் தயாரிப்பாளரையும் கட்டுப்படுத்தும் விதி அல்ல. பாட்டிலில் எழுதியிருக்கும் வலிமையையும் தாங்கும் வெப்பத்தையும் படிக்காமல் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. 6 மில்லிக்குக் குறைவான ஸ்க்ரூவுக்குச் சிவப்பு போடுவது, அதை இனி ஒருநாளும் கழற்றப்போவதில்லை என்று முடிவெடுப்பதற்குச் சமம்.

கையால் ஒரு சோதனை

நான் நினைத்தது சரியா என்று உறுதியாகத் தெரியாமல் மறுபடி மூட மனம் வரவில்லை. உடைந்த பழைய கவர் ஒன்று கிடந்தது. அதில் 6 மில்லி துளைகள் நான்கைத் தேர்ந்தெடுத்தேன். முதலாவதைச் சுத்தம் செய்து சிவப்பு. இரண்டாவது இன்ஜின் ஆயில் தடவி, துணியால் துடைத்து, சிவப்பு, அன்று செய்ததைப் போலவே. மூன்றாவது சுத்தம் செய்து சிவப்பு போட்டு, அரை மணியில் சூடான ஆயிலில் முக்கியது. நான்காவது சுத்தம் செய்து நீலம். நான்கையும் ஒரே டார்க் ரெஞ்சால் (திருப்புவிசையை அளந்து இறுக்கும் கருவி) ஒரே அளவுக்கு இறுக்கி மறுநாள் திறந்தேன்.

முதலாவதில் எல்-கீ வளைந்த பிறகே வெடித்துக் கழன்றது. இரண்டாவது மருந்தே போடாத போல்ட் மாதிரி வந்தது, மரையில் அதே ஈரச் சிவப்பு. மூன்றாவது ஆரம்பத்தில் சற்றே முரண்டுபிடித்து, அரைச் சுற்றுக்குப் பிறகு தளர்ந்தது. நீலம்தான் எனக்குப் பிடித்தது. சாதாரண எல்-கீயில் 'டக்' என்று ஒரு சத்தம், அப்புறம் மணலில் திருகுவதுபோல நறநறவென்று கடைசி மரை வரை ஒரே சீரான எதிர்ப்பு. தளர்ந்த பிறகும் சும்மா விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டே வந்தது. பிக்கப் ஸ்க்ரூவுக்கு வேண்டிய குணம் அதுதான்.

மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பொறுத்துக்கொள்ளும் வகைகளும் விற்பனையில் உண்டு. அவையும் சொட்டச் சொட்ட ஆயில் இருக்கும் மரைக்காகச் செய்தவை அல்ல.

மறுபடி மூடியது

முறிந்த போல்ட்டின் தண்டு கவரைக் கழற்றியதும் கிராங்க்கேஸில் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் சூடாக்கி வைஸ் கிரிப்பால் திருகி எடுத்தேன். மரை போன துளையில் துளையிட்டு, மரை வெட்டும் டேப் போட்டு, புது மரையாக நிற்கும் கம்பிச் சுருளான ஹெலிகாயிலை இறக்கினேன். அந்த ஒரு துளைக்கே ஒரு மாலைப்பொழுது போனது. துளை சாயாமல் நேராக இறங்க வேண்டும், உள்ளே அலுமினியச் சீவல் விழாமல் கிரீஸ் தடவிய துணியால் சுற்றிலும் அடைக்க வேண்டும், அவசரப்பட்டால் இன்னொரு துளையும் போகும்.

பிக்கப் துளைகளில் நேரத்தை அதிகம் செலவிட்டேன். வளைத்த ஊசியால் பழைய பொடியைச் சுரண்டினேன். மரையைச் சுத்தம் செய்யும் டேப்பை விரலாலேயே ஓட்டினேன். புதிதாக வெட்டும் டேப் அலுமினியத்தைத் தின்று மரையைத் தளர்த்திவிடும், அதைத் தொடவில்லை. பிரேக் கிளீனர், காற்று, மறுபடி பிரேக் கிளீனர், வெள்ளைத் துணியைத் திரித்து உள்ளே விட்டால் கறை வராத வரை. பிறகு எந்த மருந்தும் இல்லாமல் ஸ்க்ரூவை வெறும் விரலால் திருகினேன். தலை காயிலைத் தொடும் வரை தடையில்லாமல் போனது. அன்று இந்த ஒன்றைச் செய்திருந்தால் இவ்வளவும் இல்லை. நாலு சுற்றில் விரல் நின்றிருக்கும், தலைக்கு அடியில் இடைவெளி கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

நீலம், துளைக்குள் ஒரு சிறு சொட்டு, மரையில் ஒன்று. மேனுவல் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச். வழிந்ததை உடனே துடைத்தேன், ஆயில் பாதைக்குள் போய்க் காய்ந்தால் அடைப்பாகும். பிளாஸ்டிக் கப்ளரில் படாமலும் பார்த்துக்கொண்டேன், சில பிளாஸ்டிக்குகளை இது விரிசல்விட வைக்கும். கையுறை போட்டிருந்தேன். மெத்தாக்ரிலேட் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அரிக்கும். ஸ்க்ரூ தலைக்கும் காயில் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். கவரை அப்படியே ஒரு முழு நாள் அலமாரியில் வைத்தேன்.

கவர் போல்ட் எட்டும் உலர்ந்த மரையில், புதுப் பேக்கிங்கோடு, எதிரெதிராக மூன்று கட்டமாக இறுக்கினேன். வேறு எதுவும் போடவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன். பேக்கிங் உட்கார்ந்ததால் மூன்று போல்ட் சற்றே இடம் கொடுத்தன. அதோடு மூலை உலர்ந்தது.

பத்து மாதம் கழித்து கியர் லிவர் சீல் மாற்ற அந்தக் கவரை மறுபடி திறக்க வேண்டிவந்தது. எட்டு போல்ட்டும் ஸ்பேனரில் ஒழுங்காக வந்தன. ஆயில் டிரேயில் மினுமினுப்பு இல்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். சூடான ஆயிலில் பெயின்ட் மஞ்சளாகியிருந்தது, இரண்டு ஸ்க்ரூவிலும் கோடு தலையிலிருந்து தகடு வரை உடையாமல் நேராக இருந்தது.